காற்று, உலர்வு, எரிபொருள்: ஆஸ்திரேலியக் காட்டுத்தீ அபாய முன்கணிப்பின் அடிப்படைகளும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுத்தீ எந்த இடத்தில், எந்த நொடியில் மூளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. மூண்டால் அது எவ்வளவு விரைவாகப் பரவும், மனித முயற்சியால் அடங்குமா என்பதைக் காற்று, உலர்வு, எரிபொருள் ஆகிய மூன்றையும் கொண்டு கணிக்க இயலும். ஆஸ்திரேலியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்கில் இருந்த மெக்கார்தர் காட்டுத்தீ அபாயச் சுட்டெண்ணை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளமைப்பையும், 2009ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத் தீப்பேரிடர் வெளிப்படுத்திய அதன் எல்லைகளையும், 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய முறையின் மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் அபாய எண்ணின் பயன் அதன் துல்லியத்தில் மட்டும் இல்லை. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற தெளிவிலும் உள்ளது என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: காட்டுத்தீ, அபாயச் சுட்டெண், எரிபொருள் சுமை, வறட்சிக் காரணி, காற்றுத் திருப்பம், மெக்கார்தர், விக்டோரியா

1. முன்னுரை

2009 பிப்ரவரி 7ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பரவிய காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 'கறுப்புச் சனிக்கிழமை' என்று அந்நாள் இன்று குறிக்கப்படுகிறது. இப்பேரிடர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததன்று. கடும் வெப்பம், வறண்ட காற்று, மாலையில் காற்றின் திசைமாற்றம் ஆகிய அனைத்தையும் வானிலைத் துறை முன்னரே கணித்திருந்தது. மாநில வரலாற்றிலேயே மிக மோசமான நாளாக அது அமையக்கூடும் என்று மாநில முதல்வர் முந்தைய நாளே எச்சரித்தார். அபாயச் சுட்டெண் தன் அளவுகோலின் உச்சமாகிய 100ஐப் பல இடங்களில் வெகுவாகத் தாண்டும் என்பதும் கணக்கிடப்பட்டிருந்தது.

கணிப்பு சரியாக இருந்தும் இழப்பு ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்ற வினாவுக்குப் பல விடைகள் உண்டு. எச்சரிக்கை அமைப்பின் குறைகள், வெளியேற்றக் கொள்கை, சாலை வசதி, மின்தடங்களின் பராமரிப்பு எனப் பலவற்றை அரச விசாரணை ஆணையம் ஆராய்ந்து, 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கை அளித்தது. அவற்றுள் ஒரு பகுதியான அபாய முன்கணிப்பின் தன்மையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு தேவை. அன்றாட வழக்கில் 'எரிபொருள்' என்பது பெட்ரோல், டீசல் போன்றவற்றையே குறிக்கும். தீயியலில் அச்சொல் காட்டில் எரியக்கூடிய அனைத்தையும் குறிக்கிறது. சருகு, சுள்ளி, காய்ந்த புல், புதர், தொங்கும் மரப்பட்டை, உயிருள்ள இலை ஆகிய யாவும் எரிபொருளே. இக்கட்டுரையிலும் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

2. மூன்று காரணிகள், மூன்று காலக்கணக்குகள்

காற்று, உலர்வு, எரிபொருள் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து செயற்படுகின்றன. எனினும் அவை மாறும் கால அளவு வேறு வேறு. காற்று நிமிடங்களிலும் மணிகளிலும் மாறுகிறது. உலர்வு மணிக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை பல படிகளில் மாறுகிறது. எரிபொருளின் அளவும் அடுக்கமைவும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மாறுகின்றன.

2.1 காற்று

காற்று தீக்கு உயிர்வளியைத் தருகிறது. தீச்சுடரை முன்னோக்கிச் சாய்த்து, இன்னும் எரியாத பொருளை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்துகிறது. தீக்கங்குகளைத் தொலைவுக்குச் சுமந்து செல்கிறது. இம்மூன்றில் கடைசியானது யூகலிப்டஸ் காடுகளில் தனி முக்கியத்துவம் உடையது. அம்மரங்களின் பட்டை நாராகவும் நீண்ட சுருளாகவும் உரிந்து தொங்குவதால், தீப்பற்றிய பட்டைத் துண்டுகள் வெப்பமேற்றத்தில் உயர்ந்து, காற்றில் பல கிலோமீட்டர் பறந்து, தீமுகப்புக்கு வெகு முன்னால் புதிய தீயை மூட்டுகின்றன. 2009இல் இவ்வாறு 30 கிலோமீட்டருக்கும் அப்பால் தீ மூண்டது. ஆறும் சாலையும் தீத்தடுப்புக் கோடும் இத்தகைய தீக்கு அரண் ஆவதில்லை.

2.2 உலர்வு

எரிபொருளில் நீர் இருக்கும்வரை தீயின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரம் மிகுந்தால் தீ தானே அவிந்துவிடும். இறந்த எரிபொருளின் ஈரம் சூழ்ந்துள்ள காற்றின் ஈரப்பதத்தோடும் வெப்பத்தோடும் சமநிலையை நாடுகிறது. அந்தச் சமநிலையை அடையும் வேகம் பொருளின் தடிமனைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த சருகும் புல்லும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காற்றின் நிலைக்கு ஏற்ப மாறிவிடும். அடிமரக்கட்டைகளோ பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் தேசியத் தீ அபாய மதிப்பீட்டு முறை இறந்த எரிபொருளை 1 மணி, 10 மணி, 100 மணி, 1000 மணி என்று வகுத்ததன் அடிப்படை இதுவே.

வெப்பம் 40 பாகை செல்சியசும் ஈரப்பதம் 10 விழுக்காடுமாக உள்ள பிற்பகலில் நுண்ணிய சருகின் ஈரம் அதன் உலர் எடையில் 3 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் ஒரு சிறு கங்கே தீமூட்டப் போதும். நீண்ட வறட்சி இதன்மேல் இன்னொரு படியைச் சேர்க்கிறது. மண்ணின் ஈரம் வற்றும்போது தடித்த கட்டைகளும் ஆழ்ந்த சருகுப்படுகையும் பள்ளத்தாக்குகளின் ஈரக்காடுகளும் எரியக்கூடியவை ஆகின்றன. வழக்கமாக இயற்கைத் தீத்தடுப்பாக விளங்கும் ஈரப்பள்ளத்தாக்குகள் அத்தன்மையை இழக்கின்றன. ஆஸ்திரேலிய வானிலைப் பதிவுகளில் 2019 மிக வெப்பமானதும் மிக வறண்டதுமான ஆண்டாகும். அதைத் தொடர்ந்த கோடையில், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய மழைக்காடுகளின் பகுதிகளும் எரிந்தமை இதற்குச் சான்று.

2.3 எரிபொருள்

இம்மூன்றில் மனிதர் நேரடியாக மாற்றக்கூடியது எரிபொருள் ஒன்றே. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் நெடுங்காலமாகச் செய்துவந்த சிறுதீ மேலாண்மையும், இன்றைய வனத்துறைகளின் திட்டமிட்ட எரிப்பும் இந்த உண்மையின்மேல் எழுந்தவை. எரிபொருளை எடையால் மட்டும் அளப்பது போதாது. தரையோடு அழுந்திக் கிடக்கும் சருகும், அதற்குச் சற்று மேலே காற்றோட்டத்துடன் நிற்கும் காய்ந்த புல்லும் சுள்ளியும், அதற்கும் மேலுள்ள புதரும், மரப்பட்டையும், மர உச்சியும் ஏணிப்படிகள்போல் அமைந்து தீயை மேலேற்றுகின்றன.

காட்டிலும் புல்வெளியிலும் மழை எதிரெதிராகச் செயற்படுவதும் இங்கே கருதத்தக்கது. நல்ல மழை காட்டின் எரிபொருளை நனைத்து அவ்வாண்டின் அபாயத்தைக் குறைக்கிறது. அதே மழை வறண்ட உள்நாட்டில் புல்லைச் செழிக்கச் செய்து, அடுத்த கோடைக்கான எரிபொருளைக் குவிக்கிறது. 1974-75இல் ஆஸ்திரேலிய உள்நாட்டில் சுமார் 11.7 கோடி ஹெக்டேர் நிலம் எரிந்தது. அதற்கு முந்தியவை மிகுமழை ஆண்டுகள். எனவே 'மழை பெய்தது, அபாயம் குறைந்தது' என்ற முடிவு எல்லா நிலத்துக்கும் பொருந்தாது.

3. மெக்கார்தர் சுட்டெண்ணின் உள்ளமைப்பு

ஆஸ்திரேலிய வனவியலாளர் ஏ. ஜி. மெக்கார்தர் உலர் யூகலிப்டஸ் காடுகளில் சோதனைத் தீ மூட்டி அளந்த தரவுகளையும், நிகழ்ந்த பெருந்தீக்களின் பதிவுகளையும் கொண்டு ஓர் அபாயமானியை வடிவமைத்தார். அது வட்டவடிவ நழுவு அளவுகோலாக அமைந்தது. களப்பணியாளர் வட்டுகளைத் திருப்பியே அபாய எண்ணைப் படிக்க முடிந்தது. 71 பேர் இறந்த 1939 ஜனவரி 13ஆம் நாளின் மோசமான நிலையை அளவுகோலின் உச்சமான 100 குறித்தது. நோபிள், பேரி, கில் ஆகிய மூவரும் 1980இல் இவ்வட்டைச் சமன்பாடாக மாற்றினர். அதனைப் பின்வருமாறு எழுதலாம்:

சுட்டெண் = 2 × அடுக்கு (–0.45 + 0.987 × மடக்கை(வ) – 0.0345 × ஈ + 0.0338 × வெ + 0.0234 × கா)

இதில் 'வ' என்பது 0 முதல் 10 வரையான வறட்சிக் காரணி. 'ஈ' ஒப்பு ஈரப்பதம் (விழுக்காடு). 'வெ' வெப்பநிலை (பாகை செல்சியஸ்). 'கா' தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றின் வேகம் (மணிக்குக் கிலோமீட்டர்). அடுக்கு என்பது அடுக்குக்குறிச் சார்பையும், மடக்கை என்பது இயல் மடக்கையையும் குறிக்கும். வறட்சிக் காரணி அண்மைய மழையின் அளவு, மழை பெய்து கழிந்த நாட்கள், மண்ணின் ஈரக்குறைவு ஆகியவற்றிலிருந்து பெறப்படுகிறது. மண்ணின் ஈரக்குறைவைக் கணிக்க, அமெரிக்க வனப்பணியைச் சேர்ந்த கீச், பைராம் ஆகியோர் 1968இல் வெளியிட்ட வறட்சிக் குறியீடு பல மாநிலங்களில் பயன்பட்டது.

சமன்பாட்டின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். வறட்சிக் காரணி 10, ஈரப்பதம் 10 விழுக்காடு, வெப்பம் 40 பாகை, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் எனக் கொண்டால் சுட்டெண் 109 ஆகிறது. மற்றவை மாறாதிருக்க,

அ) காற்று மட்டும் 20 கிலோமீட்டராகக் குறைந்தால் சுட்டெண் 54.
ஆ) ஈரப்பதம் மட்டும் 30 விழுக்காடாக உயர்ந்தால் சுட்டெண் 55.
இ) வறட்சிக் காரணி மட்டும் 5 ஆனால் சுட்டெண் 55.
ஈ) வெப்பம் மட்டும் 30 பாகையானால் சுட்டெண் 78.

முதல் மூன்று மாற்றங்களும் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்குகின்றன. வெப்பத்தில் 10 பாகைக் குறைவு அந்த அளவுக்கு எண்ணைக் குறைப்பதில்லை. பாதியாக்க ஏறத்தாழ 20 பாகை வேண்டும். பொதுமக்கள் அபாயத்தை வெப்பமானியைக் கொண்டே உணர்கின்றனர். சமன்பாடோ காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் பேரிடம் தருகிறது. 30 பாகை வெப்பமுள்ள, ஆனால் காற்று மிகுந்த வறண்ட நாள், காற்றில்லாத 40 பாகை நாளைவிட அபாயமானதாக இருக்கக்கூடும்.

4. எண்ணிலிருந்து தீயின் நடத்தைக்கு

சுட்டெண் தன்னளவில் ஓர் ஒப்பீட்டு எண்ணே. அதனைத் தீயின் நடத்தையாக மாற்ற மெக்கார்தர் தந்த தொடர்பு எளிமையானது. சமதரையில் தீ பரவும் வேகம் (மணிக்குக் கிலோமீட்டர்), சுட்டெண்ணையும் ஹெக்டேருக்கான எரிபொருள் சுமையையும் (டன்) பெருக்கி 0.0012ஆல் பெருக்கக் கிடைக்கும். சுட்டெண் 100, எரிபொருள் 12.5 டன் எனில் வேகம் மணிக்கு 1.5 கிலோமீட்டர். மேல்நோக்கிய சரிவில் ஒவ்வொரு 10 பாகைக்கும் வேகம் இரட்டிக்கிறது. ஆகவே 20 பாகைச் சரிவில் அதே தீ மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்.

அணைக்க இயலுமா என்பதைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமன்று. தீமுகப்பின் ஒவ்வொரு மீட்டரிலும் வெளிப்படும் வெப்ப ஆற்றல் ஆகும். பைராம் 1959இல் வரையறுத்தபடி, இது எரிபொருளின் வெப்பப்பேறு, எரியும் எடை, பரவும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். வெப்பப்பேற்றைக் கிலோகிராமுக்கு 18,600 கிலோஜூல் எனக் கொண்டால், மேற்கண்ட சமதரைத் தீயின் செறிவு மீட்டருக்குச் சுமார் 9,700 கிலோவாட். எரிபொருள் 25 டன்னாக இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது; எடையும் இரட்டிக்கிறது; செறிவு நான்கு மடங்காகிச் சுமார் 38,750 கிலோவாட் ஆகிறது. மீட்டருக்கு 4,000 கிலோவாட்டைத் தாண்டிய தீயின் முகப்பை நேர்நின்று அணைப்பது பொதுவாக இயலாதது என்று கருதப்படுவதால், இவ்விரண்டுமே அணைக்கும் எல்லைக்கு அப்பாற்பட்டவை. திட்டமிட்ட எரிப்புக்கான வாதத்தின் கணித வேரும் இதுவே: இத்தொடர்பின்படி எரிபொருளைப் பாதியாக்கினால் செறிவு நான்கில் ஒன்றாகும்.

இத்தொடர்பு ஒரு குறைபாட்டையும் காட்டுகிறது. அபாயச் சுட்டெண்ணின் சமன்பாட்டில் எரிபொருள் சுமைக்கு இடமே இல்லை. அது குறிப்பிட்ட வகை உலர் யூகலிப்டஸ் காட்டையும் மாறாத எரிபொருள் சுமையையும் முன்னிறுத்தியே பொருள் கொள்ளப்பட்டது. பத்து ஆண்டுகள் எரியாத காட்டுக்கும் சென்ற ஆண்டு எரிந்த காட்டுக்கும் ஒரே நாளில் ஒரே எண்ணே கிடைக்கும். மேலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1998 முதல் 2001 வரை நடந்த 'வெஸ்டா' சோதனைத் தீக்கள், கடுங்கோடை நிலையில் மெக்கார்தர் தொடர்பு பரவும் வேகத்தைப் பெரிதும் குறைத்து மதிப்பிடுவதைக் காட்டின. எடையைவிட, தரைக்குச் சற்று மேலுள்ள எரிபொருள் அடுக்கின் உயரமும் அடர்த்தியும் வேகத்தை நன்கு விளக்குவதையும் அவை உணர்த்தின.

5. பிழையின் பெருக்கம்

அபாயச் சுட்டெண்ணுக்கான உள்ளீடுகள் நாளைய வானிலை குறித்த கணிப்புகள். அவற்றில் பிழை இருந்தே தீரும். சமன்பாடு அடுக்குக்குறி வடிவில் இருப்பதால் உள்ளீட்டின் சிறுபிழைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. கணித்ததைவிடக் காற்று மணிக்கு 10 கிலோமீட்டர் மிகுந்தால் எண் 26 விழுக்காடு உயர்கிறது. ஈரப்பதம் 5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால் 19 விழுக்காடு உயர்கிறது. இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் எண் ஒன்றரை மடங்காகிறது. கணித்த 50 என்பது நிகழ்வில் 75 ஆகிறது. காற்றும் ஈரப்பதமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. உள்நாட்டுப் பாலையிலிருந்து வீசும் காற்று வலுக்கும்போதே ஈரப்பதமும் சரிகிறது. ஆகையால் இப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதைவிட ஒரே திசையில் சேர்வதே இயல்பு. ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடாமல், பல மாற்றுக் கணிப்புகளைச் சேர்த்து நிகழக்கூடிய வீச்சையும் காட்டுவது இதனாலேயே தேவைப்படுகிறது.

6. எண் சொல்லாதவை: காற்றுத் திருப்பம்

சமன்பாட்டில் காற்றின் வேகம் உண்டு, திசை இல்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் இந்த விடுபாடு உயிர்ச்சேதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அங்குக் கடுந்தீ நாளின் வானிலை ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிகழ்கிறது. பகல் முழுவதும் உள்நாட்டிலிருந்து வடமேற்குக் காற்று வெப்பத்தையும் வறட்சியையும் கொண்டுவருகிறது. பின்னர் ஒரு குளிர்முனை கடந்து செல்ல, காற்று சடுதியில் தென்மேற்காகத் திரும்புகிறது.

வடமேற்குக் காற்றில் தீ தென்கிழக்கு நோக்கி ஒடுங்கிய நாக்குப்போல் நீள்கிறது. அதன் முகப்பு குறுகியது. பக்கங்கள் மிக நீளமானவை. காற்று திரும்பியவுடன் வடகிழக்குப் பக்கம் முழுவதும் புதிய முகப்பாகிறது. பல பத்துக் கிலோமீட்டர் அகலத்தில் தீ ஒரே நேரத்தில் முன்னேறுகிறது. 1983 பிப்ரவரி 16ஆம் நாளின் 'சாம்பல் புதன்' தீயில் இருமாநிலங்களிலும் 75 பேர் இறந்தனர். விக்டோரியாவில் பெருஞ்சேதம் விளைந்தது காற்றுத் திருப்பத்துக்குப் பின்னரே. 2009இல் நண்பகலுக்குச் சற்று முன் கில்மோர் கிழக்கில் அறுந்த மின்கம்பியிலிருந்து மூண்ட தீ, தென்கிழக்காக விரைந்து, மாலை 6 மணியளவில் வந்த திருப்பத்தால் வடகிழக்காக விரிந்தது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் இறந்தனர். வேறொரு தீயில் மேரிஸ்வில் என்ற சிறுநகரம் அழிந்ததும் காற்று திரும்பிய பின்னரே.

இங்கே ஒரு முரண் உள்ளது. குளிர்முனை வந்ததும் வெப்பம் தணிகிறது, ஈரப்பதம் உயர்கிறது. சமன்பாட்டின்படி சுட்டெண் இறங்கத் தொடங்குகிறது. ஆனால் தீயின் வடகிழக்குப் பக்கத்தில் வாழ்வோருக்கு அபாயம் உச்சத்தை எட்டுவது அந்நேரத்தில்தான். எண் பொய் சொல்லவில்லை. அது ஒரு வட்டாரத்தின் பொதுவான தீச்சூழலைச் சொல்கிறது. எரிந்துகொண்டிருக்கும் ஒரு தீ அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்த ஊரை அடையும் என்பது வேறு வினா. அதற்குத் தீயின் வடிவம், நிலத்தோற்றம், திருப்பம் வந்துசேரும் நேரம் ஆகியவற்றைக் கொண்ட பரவல் கணிப்பு வேண்டும். அபாய மதிப்பீடு, செயற்கைக்கோள் வழித் தீக்கண்டறிதல், பரவல் கணிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகள். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் ஆபத்தானது.

7. எண்ணிலிருந்து சொல்லுக்கு

2009க்கு முன் சுட்டெண் 50ஐத் தாண்டிய எல்லா நாட்களும் ஒரே வகையில், அளவுகோலின் உச்ச வகையில், அடங்கின. 55 உள்ள நாளுக்கும் 150 உள்ள நாளுக்கும் மக்கள் கேட்ட சொல் ஒன்றே. வீட்டைக் காத்து நிற்கலாம் அல்லது முன்கூட்டியே வெளியேறலாம் என்ற அறிவுரை இரு நாட்களுக்கும் பொதுவாயிருந்தது. ஆனால் 100ஐ வெகுவாகத் தாண்டிய தீயில் நன்கு ஆயத்தமான வீடும் காப்பளிக்காது. பேரிடருக்குப் பின் 50க்கு மேற்பட்ட பகுதி மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 100க்கு மேல் 'பேரழிவு' நிலை என்ற புதிய வகை சேர்க்கப்பட்டது. அந்நாளில் உயிர்பிழைக்க உரிய வழி முன்கூட்டியே வெளியேறுவதே என்பதை அவ்வகை உணர்த்தியது.

2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் புதிய தீ அபாய மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. இது இரு மாற்றங்களைச் செய்தது. முதலாவதாக, காடு, புல்வெளி, புதர்நிலம், பைன் தோட்டம் முதலான எட்டு எரிபொருள் வகைகளுக்கும் தனித்தனித் தீ நடத்தை மாதிரிகள் பயன்படுகின்றன; காட்டுக்கு வெஸ்டா சோதனைகளிலிருந்து பிறந்த மாதிரி கொள்ளப்பட்டது. எரிபொருளின் நிலை இவ்வாறு கணக்கினுள் வந்தது. இரண்டாவதாக, மக்களுக்கான வகைகள் 'மிதமானது', 'உயர்ந்தது', 'மிகக்கடுமை', 'பேரழிவு' என நான்காகக் குறைக்கப்பட்டு, ஒவ்வொன்றுடனும் செய்ய வேண்டிய செயல் இணைக்கப்பட்டது. தீ நடத்தைச் சுட்டெண்ணில் 12, 24, 50, 100 ஆகியவை இவற்றின் தொடக்க எல்லைகள். கணக்கீடு நுட்பமாகியபோது அறிவிப்பு எளிமையானது என்பது கவனிக்கத்தக்கது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தீ அபாய முன்கணிப்பு நிபந்தனையோடு கூடிய கூற்று. 'தீ மூண்டால்' என்ற சொல் அதில் எப்போதும் உள்ளடங்கியுள்ளது. இரண்டாவது, காற்று, உலர்வு, எரிபொருள் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலக்கணக்கில் இயங்குவதால், ஒரே எண் வெவ்வேறு காரணங்களால் எழக்கூடும். காற்றால் உயர்ந்த எண் மாலையில் தணியலாம். நீள்வறட்சியால் உயர்ந்த எண் ஒரு மழையில் தணியாது. எனவே எண்ணோடு அதன் காரணத்தையும் அறிவிப்பது பயன்தரும். மூன்றாவது, ஒரு நிலத்தின் எரிபொருளுக்கென உருவான சமன்பாடு மற்றொரு நிலத்துக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. மெக்கார்தரின் கெழுக்கள் உலர் யூகலிப்டஸ் காட்டின் அளவீடுகள். சோலைக்கும் மூங்கிற்காட்டுக்கும் அவற்றை அப்படியே எடுத்தாளுதல் முறையன்று. அந்தந்த நிலத்தின் எரிபொருளை அளந்து, சோதித்து, திருத்திய பின்னரே அவை பயன்படும்.

நான்காவது முடிவே நடைமுறையில் முதன்மையானது. 2009இல் கணிப்புக்கும் காப்புக்கும் இடையே இருந்த இடைவெளி கணிதத்தால் மட்டும் ஏற்பட்டதன்று. எண்ணின் உச்சத்துக்கு அப்பால் என்ன பொருள் என்பதும், எண் இறங்கும்போதே ஆபத்து ஏறும் ஒரு மணி நேரம் உண்டு என்பதும் கேட்போரின் முடிவுகளாக மாறவில்லை. முன்கணிப்பு ஆய்வுகள் உள்ளீடுகளின் துல்லியத்தைக் கூட்டுவதோடு, எண்ணைச் செயலாக மாற்றும் சொல்லையும் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.